டூலெட் பலகையில் ஒரு வினைச்சொல்

குன்னூரில் பெட்ஃபோர்டுக்கு மேலே ஏறும் சந்துகளில் நடந்தால், எங்கேயாவது ஒரு கேட்டில் 'டு லெட்' பலகை தொங்கிக்கொண்டிருக்கும். கீழே மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ இதை அட்டையில் எழுதி மாட்டிவிடுவார்கள். இங்கே அட்டை ஒரு வாரம் தாங்காது. பனியும் சாரலும் சேர்ந்து ஊற வைத்துவிடும். அதனால் தகரத்தில் வெள்ளை பெயிண்ட் அடித்து, கறுப்பில் எழுதி, கம்பி கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஆள் குடிவந்ததும் கழற்றி உள்ளே வைக்கிறார்கள். வீடு காலியானதும் அதே தகரம் திரும்ப வெளியே வருகிறது. ஓரமெல்லாம் துருப்பிடித்திருந்தாலும் ஐந்து எழுத்தும் படிக்கிற மாதிரி இருக்கும்.

அது இன்றைக்குத் தமிழ்ச் சொல்தான். "அந்த வீட்டுல டூலெட் போட்டிருக்காங்க" என்று சொல்வதற்கு யாருக்கும் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்பே "அக்கா, வெயில் விழுமா? சுவத்துல ஈரம் ஏறுமா?" என்றுதான் கேட்பார்கள். அது மலையில் வீடு தேடுகிறவர்களின் கவலை. டூலெட் என்பதை இரண்டாகப் பிரித்து, அதில் இருக்கும் 'லெட்' என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. நான் பார்த்திருக்கிறேன். மாலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அந்த வேலையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த வினைச்சொல் இதுதான்.

பெரிய பெரிய சொற்களைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். உண்மையில் பெரிய சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கும். அகராதியைப் பார்த்தால் முடிந்துவிடும். மூன்றெழுத்து வினைகள்தான் ஆழம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 'ரன்' என்ற வினையைத் திருத்தி எழுதியபோது 645 பொருள் வந்தது என்று 2011-ல் செய்தி வந்தது. 'லெட்' அவ்வளவு பெரியது இல்லை. ஆனால் அதற்குள் இருப்பது போன்ற ஒரு கதை 'ரன்'னுக்குள் இல்லை என்பது என் கருத்து.

முதலில் வாடகை. வாடகைக்கு விடுவது என்ற பொருள் 'லெட்'டுக்குப் புதிதாக ஒட்டிக்கொண்டது இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே அது இருக்கிறது. அப்போது அந்த வினையின் வடிவம் ஏறக்குறைய 'லேட்டன்'. இருக்கும்படி விடு, விட்டுவிட்டுப் போ, செய்யாமல் விடு, வாரிசுக்கு விட்டுச் செல், கூலிக்கோ வாடகைக்கோ விடு என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதுமாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதராஸ் அரசாங்கம் கோடைதோறும் ஊட்டிக்கு ஏறி வந்தது. அதிகாரிகள், குமாஸ்தாக்கள், அவர்களின் குடும்பங்கள் எல்லோருக்கும் சீசனுக்கு மட்டும் வீடு தேவைப்பட்டது. அப்படிப்பட்ட ஊரில் 'டு லெட்' என்ற பலகை எவ்வளவு இயல்பாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் இதை 'ஃபார் ரெண்ட்' என்று எழுதுவார்கள். நம்மிடம் பிரிட்டிஷ் வழக்கு அப்படியே தங்கிவிட்டது.

தங்கியது நல்லதுதான். 'ரெண்ட்' என்பது குழப்பமான வினை. வீட்டுக்காரர் செய்வதும் ரெண்ட், குடியிருப்பவர் செய்வதும் ரெண்ட். 'லெட்' என்றால் வீட்டுக்காரர் மட்டும்தான். தமிழில் இந்தக் குழப்பமே கிடையாது. ஒருவர் வாடகைக்கு விடுகிறார், இன்னொருவர் வாடகைக்கு எடுக்கிறார். நம்மூரில் பெயிண்டர் முழுசாக எழுதினால் 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்று எழுதுவார். அந்த 'விடப்படும்' இருக்கிறதே, அதுதான் 'லெட்'. எழுத்துக்கு எழுத்து இல்லை; பொருளுக்குப் பொருள்.

பிள்ளைகள் கேட்பார்கள்: "மிஸ், வீடு எப்படி லெட் பண்ணும்? வீட்டுக்காரர்தானே பண்ணணும்?" நல்ல கேள்வி. பதில் தமிழிலேயே இருக்கிறது. "குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று கேட்கிறோம். தண்ணீரா குடிக்கிறது? 'வாடகைக்கு விட வீடு இருக்கு' என்று சொன்னாலும் அதே கதைதான். 'குடிக்க', 'விட' என்று வரும் தமிழின் செயவென் எச்சம் யார் செய்கிறார், எது செய்யப்படுகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாது. ஆங்கிலத்தின் 'டு லெட்'டும் கவலைப்படவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். பிள்ளைகள் கையில் இருக்கும் நோட்ஸ் புத்தகங்களில் 'லெட் = அனுமதி' என்று போட்டிருக்கிறது. பல ஆசிரியர்களும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறார்கள். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அது பிள்ளையைத் தவறான வாசலுக்குக் கூட்டிப்போகிறது. அனுமதி என்பது ஒரு அலுவலகச் சொல். காட்டோரத்தில் வனத்துறை வைத்திருக்கும் பலகையில் 'அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது' என்று இருக்கும். அதற்கு நிகர் 'பர்மிட்'. லத்தீனில் 'ஊடாகப் போக அனுப்பு' என்ற பொருளில் பிறந்த சொல் அது. 'லெட்' அந்த மேசையில் உட்காருகிற சொல் இல்லை. அம்மா பிள்ளையிடம் சொல்கிற சொல், கூட்டத்தில் வழி கேட்கிறவர் சொல்கிற சொல். அதற்குத் தமிழில் ஒரே சொல்தான்: விடு.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 'லெட்' தன்னோடு ஒரு சிறு சொல்லைச் சேர்த்துக்கொண்டு எங்கெல்லாம் போகிறதோ, பெரும்பாலும் அங்கெல்லாம் 'விடு'வும் வருகிறது. உள்ளே விடு, வெளியே விடு என்பதில் ஆச்சரியம் இல்லை. மழை விட்டது என்கிறோம். ஆங்கிலத்தில் மழை 'லெட் அப்' ஆகிறது. பட்டாசு விடுகிறோம், அவர்கள் 'லெட் ஆஃப்' செய்கிறார்கள். தப்பு செய்தவனைப் போகட்டும் என்று விட்டுவிடுவதற்கும் அதே 'லெட் ஆஃப்'தான். நம்பியவரைக் கைவிட்டால் 'லெட் டவுன்'. நாயை அவிழ்த்து விட்டால் 'லெட் லூஸ்'. பெருமூச்சு விடுவதற்கு 'லெட் அவுட்'.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது தையல்காரரிடம் கேட்டது. மலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் போதாது. பல பள்ளிகளில் பிளேசரும் உண்டு. பிளேசர் விலை அதிகம், பிள்ளையோ வருடத்துக்கு வருடம் வளர்கிறது. அதனால் அளவெடுக்கும்போதே தையல்காரர் பக்கவாட்டுத் தையலைப் புரட்டிக் காட்டுவார். உள்ளே மடிந்து கிடக்கும் துணியை விரலால் நீவிவிட்டு, "ஒன்றரை இஞ்ச் உள்ள விட்டுத் தச்சிருக்கேங்க. அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். கையின் மடிப்பிலும் அப்படியே. ஒரு வருடம் கழித்துப் பிரித்தால், வெளியே இருந்த துணி வெளுத்திருக்கும். உள்ளே இருந்த பட்டை மட்டும் புதுசாக, கருநீலமாக ஒரு கோடு போல ஓடும். பிளேசரைப் பார்த்தே பிள்ளை எத்தனை வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த வேலைக்கு ஆங்கிலத் தையல்காரர் சொல்வது 'லெட் அவுட்'. நம்மவர் 'பிரிச்சு விடறது' என்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. 'அனுமதி'யை வைத்துக்கொண்டு இந்தப் பிளேசரைப் பிரிக்க முடியுமா?

இலக்கணத்திலும் இது கைகொடுக்கிறது. 'லெட் ஹிம் டு கோ' என்று பிள்ளைகள் எழுதுவதற்குக் காரணமே அனுமதிதான். அனுமதி என்று மனதில் வைத்தால் 'போவதற்கு அனுமதி' என்று வரும். உடனே 'டு' வந்து உட்கார்ந்துகொள்ளும். 'அலவ்' என்ற வினைக்கு அது சரி. ஆனால் 'போக விடு' என்று நினைத்தால் நடுவில் எதுவும் வேண்டாம்: 'லெட் ஹிம் கோ'. இதை ஒரு தடவை சொன்னால் போதும், பிள்ளைகள் மறப்பதில்லை.

சரி, இவ்வளவு ஒற்றுமை இருக்கிறதே, அப்படியானால் 'லெட்' தமிழிலிருந்து போனதா என்று கேட்பார்கள். இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம் ஆட்களில் சிலர் ஒலி கொஞ்சம் ஒத்துப்போனாலே ஆங்கிலத்துக்குத் தமிழ் வேர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு உண்மையாகவே போன சொற்கள் உண்டு: கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர். அவை போன வழி தெரியும். 'விடு'வின் சொந்தக்காரர்கள் வேறு. கன்னடத்தில் பிஸ்கட்டின் 'பி' போட்டுச் சொல்லும் 'பிடு', தெலுங்கின் 'விடுசு', மலையாளத்தின் 'விடுக' எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்ப உறவுகளைத் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961-ல் வந்தது. தொகுத்தவர்கள் பர்ரோவும் எமனோவும். இதில் எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்து, நம் நீலகிரியில் தோடர், கோத்தர், படுகர் மொழிகளைக் கேட்டுக் கேட்டு எழுதியவர். தமிழ்ச் சொற்களின் சொந்தபந்தம் தெரிந்ததில் இந்த மலைக்கும் பங்கு இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை.

ஆக, உறவு இல்லை. இரண்டு மொழியும் கையிலிருந்து பிடியைத் தளர்த்துவது என்ற ஒரே அனுபவத்திலிருந்து கிளம்பி, ஒரே மாதிரி ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. உறவு இருந்திருந்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இல்லாததால்தான் ஆச்சரியம்.

'விடு' ஓரிடத்தில் 'லெட்'டை மிஞ்சிப் போய்விட்டது. சுடு என்பது சூடு ஆவது போல, கெடு என்பது கேடு ஆவது போல, விடு என்பது நீண்டு வீடு ஆகும். விடுதலை, முக்தி என்று பொருள். குடியிருக்கும் வீட்டுக்கும் அதே சொல். நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் 'வீடுமின் முற்றவும் வீடுசெய்து உம்முயிர் வீடுடையானிடை வீடுசெய்ம்மினே' என்று ஒரு பாசுரம். நாலு தடவை அதே சொல். எல்லாவற்றையும் விடுங்கள், விட்டு, உங்கள் உயிரை வீட்டை உடையவனிடம் ஒப்படையுங்கள் என்பது பொருள். கடைசி 'வீடுசெய்' என்பதற்கு ஒப்படை என்று பொருள் கொள்வதைப் பாருங்கள். வாடகைக்கு விடும்போதும் ஒப்படைக்கத்தானே செய்கிறோம். 'வீடு விடப்படும்' என்று பலகை எழுதும் பெயிண்டர் ஒரே வேரை இரண்டு தடவை எழுதுகிறார்.

இனி இந்தக் கதையின் மறுபக்கம்.

பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சிட்டிருக்கும்: இதை வைத்திருப்பவரை 'விதவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' தாராளமாகப் போக விட வேண்டும் என்று. 'ஹிண்ட்ரன்ஸ்' என்றால் இடையூறு. அப்படியானால் 'விதவுட் லெட்' என்றால் என்ன? விடாமலா? விட வேண்டும் என்று கேட்கும் வாக்கியத்திலேயே விடாமல் என்று வருமா?

இந்த 'லெட்' வேறு. இதற்குத் தடை என்று பொருள். பள்ளியில் டேபிள் டென்னிஸ் ஆடுகிற பிள்ளைகளுக்கு இது தெரியும், தெரியாமலே தெரியும். சர்வ் போடும் பந்து வலையைத் தொட்டுவிட்டு அந்தப் பக்கம் சரியாக விழுந்தால் 'லெட்' என்பார்கள். பாயிண்ட் கிடையாது, திரும்பப் போட வேண்டும். டென்னிஸிலும் அப்படித்தான். பலர் இதை 'நெட்' என்றே சொல்கிறார்கள். பந்து நெட்டில் பட்டதால் நெட் என்று நினைப்பது இயற்கை. ஆனால் அது 'லெட்' தான்: பந்துக்குத் தடை ஏற்பட்டது என்று அர்த்தம்.

ஒரு காலத்தில் இந்தத் தடை-லெட் வினையாகவே சர்வ சாதாரணமாகப் புழங்கியது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில், தந்தையின் ஆவி கூப்பிடுகிறது. பின்னால் போக ஹாம்லெட் துடிக்கிறான். நண்பர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். என்னை 'லெட்' செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்று அவன் கத்துகிறான். இன்றைய ஆங்கிலத்தில் படித்தால் என்னைப் போக விடுகிறவனைக் கொல்வேன் என்று வரும்; கதையே தலைகீழாகிவிடும். 1611-ல் வந்த ஆங்கில பைபிளிலும் இருக்கிறது. உங்களிடம் வரப் பலமுறை நினைத்தேன், ஆனால் இதுவரை 'லெட்' ஆனேன் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்கிறார். தமிழ் பைபிளில் அந்த இடத்தில் தடை என்றே இருக்கும். ஆங்கிலத்திலும் 1881-ல் திருத்திய புதிய ஏற்பாட்டில் அதை எடுத்துவிட்டு 'ஹிண்டர்' போட்டுவிட்டார்கள், ஏனென்றால் அதற்குள் ஜனங்களுக்குப் புரியாமல் போய்விட்டது.

எப்படி ஒரே சொல் விடுவதற்கும் தடுப்பதற்கும் வந்தது? ஒரே சொல் இல்லை, இரண்டு சொற்கள் என்பதுதான் வழக்கமான பதில். பழைய ஆங்கிலத்தில் விடுவதற்கு 'லேட்டன்', தடுப்பதற்கு 'லெட்டன்'. ஒன்று நெடில், ஒன்று குறில். காலப்போக்கில் நெடில் குறுகி, ஈறுகள் தேய்ந்து, இரண்டும் 'லெட்' என்றே ஆகிவிட்டன. நேர் எதிரான பொருளுடைய இரண்டு சொற்கள் ஒரே உருவத்தில் உலாவினால் ஏதாவது ஒன்று விலக வேண்டியதுதான். தடை-லெட் விலகியது, சட்ட வாசகத்திலும் விளையாட்டு மைதானத்திலும் மட்டும் ஒதுங்கிக்கொண்டது.

இந்தப் பதிலோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அடுத்த படிதான் முக்கியம்.

தடுப்பதற்கான 'லெட்டன்' எங்கிருந்து வந்தது? மெதுவான என்று பொருள்படும் ஒரு பழைய உரிச்சொல்லிலிருந்து. ஒன்றை மெதுவாக்குவது, தாமதப்படுத்துவது, அதனால் தடுப்பது. அந்த உரிச்சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் வாயிலும் தினமும் இருக்கிறது. 'லேட்'. பஸ் லேட் என்கிறோமே, அதே லேட்தான். கடைசி என்று பொருள்படும் 'லாஸ்ட்' அதன் உச்சநிலை: மிகவும் லேட்டானது எதுவோ அது லாஸ்ட். டேபிள் டென்னிஸ் 'லெட்'டும் பர்லியாறில் நிற்கும் பஸ்ஸின் 'லேட்'டும் உடன்பிறப்புகள்.

இன்னும் பின்னால் போனால், விடுவதற்கான 'லெட்'டும் மெதுவான 'லேட்'டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேருக்குப் போய்ச் சேர்கின்றன என்று மொழியியலார் சொல்கிறார்கள். அந்த வேரின் பொருள் தளர்தல், தளர விடுதல். லத்தீனில் அதே வேர் களைத்துப்போன என்ற பொருளில் 'லாஸ்ஸுஸ்' ஆனது. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான் ஆங்கிலத்தில் ஐயோ என்பதற்குச் சொல்லும் 'அலாஸ்'. களைத்தேனே என்ற முனகல்தான் அது.

ஆக, எதிரிகள் என்று நினைத்த இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். மாட்டைக் கட்டிய கயிற்றைத் தளர்த்தினால் மாடு போகும், அது விடுவது. ஏர் இழுக்கும் மாட்டின் கால் தளர்ந்தால் வேலை நிற்கும், அது தடை. எது தளர்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

இது ஐரோப்பாவின் பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். நம் 'தளர்' என்ற வினை இதே இரட்டை வேலையை நம் கண்முன்னால் செய்துகொண்டிருக்கிறது. உடல் தளர்ந்தது என்றால் களைப்பு. தளர்நடை என்றால் மெதுவான நடை. ஆனால் 2020-ல் ஊரடங்கின்போது ஒவ்வொரு மாதமும் செய்தியில் எதற்காகக் காத்திருந்தோம்? 'தளர்வுகள் அறிவிப்பு'. அங்கே தளர்வு என்றால் விடுவது: கடை திறக்க விடுவது, பஸ் ஓட விடுவது, மாவட்டம் தாண்ட விடுவது. ஒரே சொல்லில் களைப்பும் தாமதமும் விடுதலும். ஆங்கிலேயருக்கு அகராதியைப் பிரித்தால்தான் தெரியும் உறவு, தமிழ் பேசுகிறவர்களுக்கு யோசித்தாலே தெரிந்துவிடும்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். 2024 மே 7-லிருந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியிலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். டி.என். 43 எண் போட்ட எங்கள் வண்டிகளுக்குத் தேவையில்லை. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். கல்லாறு செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும். மலைக்கு இது தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை; மே மாதத்தில் குன்னூர் ரோட்டில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி பேச மாட்டார்கள். அங்கே நின்றால், பாஸைப் பார்த்ததும் பணியில் இருப்பவர் கையசைத்து "விடு, விடு" என்பார். விடுவதற்கென்று ஒரு இடத்தில் நிறுத்துகிறார்கள். நிறுத்தினால்தான் விட முடியும். இரண்டு 'லெட்'டும் ஒரே கம்பத்தில் ஏறி இறங்குகின்றன.

அப்புறம் 'லெட் அஸ்'. இதைச் சொல்லாமல் முடித்தால் மனசு கேட்காது.

பைபிளின் தொடக்கத்தில் கடவுள் சொல்கிறார்: 'லெட் தேர் பி லைட்'. அங்கே யார் யாருக்கு அனுமதி கொடுத்தார்கள்? வெளிச்சம் வந்து வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை. அது 'உண்டாகட்டும்'. தமிழில் வரட்டும், போகட்டும், இருக்கட்டும் என்று சொல்லும் அந்த 'அட்டும்' எப்படி வந்தது தெரியுமா? 'வர ஒட்டும்' என்பது தேய்ந்து வரட்டும் ஆனது என்பது இலக்கண ஆராய்ச்சியாளர்கள் தரும் விளக்கம். 'ஒட்டு' என்றால் இசைந்து விடு, சம்மதி. 'உள்ளே வரவொட்டாமல் தடுத்தான்' என்று இன்றும் சொல்கிறோமே, அதில் அந்த வினை முழுசாக இருக்கிறது. ஆங்கிலம் ஒரு விடும் வினையைத் தனியாக முன்னால் வைத்துச் செய்ததை, தமிழ் ஒரு விடும் வினையைத் தேய்த்துப் பின்னால் ஒட்டிச் செய்திருக்கிறது.

'லெட் அஸ் கோ' என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. பிடித்து வைத்திருப்பவனிடம் சொன்னால், எங்களைப் போக விடு. கூட இருப்பவரிடம் சொன்னால், நாம் போகலாம். இதை ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள்கூடக் கலக்கிக்கொள்கிறார்கள். ஆனால் சுருக்கி 'லெட்ஸ் கோ' என்று சொல்லிவிட்டால் இரண்டாவது பொருள் மட்டும்தான். பிடித்து வைத்திருப்பவனிடம் யாரும் 'லெட்ஸ் கோ' என்று கெஞ்ச முடியாது.

தமிழ்ப் பிள்ளைக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். 'லெட் அஸ்' என்பதில் இருக்கும் 'அஸ்' நாங்களாகவும் இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம். 'லெட்ஸ்' என்றால் எப்போதும் நாம். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் நாம், சேர்த்துக்கொள்ளாத நாங்கள் என்ற பாகுபாடு ஆங்கிலத்தில் பிரதிப்பெயரில் கிடையாது. 'வீ' என்றால் யார் யார் என்று சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஒரே ஒரு அபாஸ்ட்ரஃபியில், 'லெட்ஸ்' என்ற சுருக்கத்தில், ஆங்கிலம் நம்முடைய 'நாம்'ஐத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு பெண், "அப்ப இங்கிலீஷ்லயும் நாம் இருக்கு மிஸ்" என்றாள். இருக்கிறது, ஒரே ஒரு இடத்தில்.

கடைசியாக லீவு. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் கொட்டும்போது காலையில் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "லீவு விட்டாச்சா?" 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது, அந்த வாரம் மழையும் விடவில்லை, ரோடும் விடவில்லை, லீவை மட்டும் விட்டார்கள். இந்த 'லீவு' என்ற பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் போய்விடு என்று பொருள்படும் 'லீவ்' என்ற வினையிலிருந்து வந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. அது தனி வேர். இசைவு, உத்தரவு என்று பொருள். நம்பிக்கைக்கான 'பிலீஃப்'புக்கும் அன்புக்கான 'லவ்'வுக்கும் சொந்தம். பிரியும்போது 'டேக் லீவ்' என்று சொல்வதில் இருப்பதும் போவது இல்லை, உத்தரவு வாங்கிக்கொள்வது. தமிழில் விடைபெறுவது. அந்த விடையும் 'விடு'வின் பிள்ளைதான்.

அப்படிப் பார்த்தால் ஆங்கிலத்தில் தனித்தனி வேர்கள் செய்கிற வேலைகளைத் தமிழில் 'விடு' ஒற்றையாகச் சுமக்கிறது: விடுமுறை, விடுதி, விடை, வீடு. லீவு விட்டாச்சு என்பதிலோ ஆங்கில உத்தரவும் தமிழ் விடுதலும் சேர்ந்து வந்துவிட்டன. லீவு இல்லாத நாட்களில் எங்கள் பக்கம் நாலு மணிக்கு ஸ்கூல் விடும். அமெரிக்காவில் அதைக் கேட்டால், ஸ்கூல் நாலு மணிக்கு 'லெட்ஸ் அவுட்' என்று சொல்வார்கள்.